அணைக்கரை மீன் கடைக்கு "1955 முதல்" என்று பலகை வைக்கலாமா? அப்பாரு காலத்துக் கடையின் வரலாற்றை எப்படிச் சேர்ப்பது?

அணைமேடு (கேள்வி)

வணக்கமுங்க. பவானிசாகர்ல மூணு தலைமுறையா நடக்குற மீன் கடை எங்களோடது. அணை மீன் வறுவலும் மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடும்தான் எப்பவும். கடையை இடிச்சுப் புதுசாக் கட்டுறோம். உள்ளே எட்டடிக்கு நாலடியில ஒரு சுவர்ப் பலகை வச்சு கடையோட வரலாற்றை எழுதலாம்னு எண்ணம்.

அணை திறந்த வருஷமே அப்பாரு (தாத்தா) கடை போட்டார், அதனால "1955 முதல்"னு போடணும்கறது பெரியப்பா கட்சி. அதுக்கு ஆதாரம்னு கையில ஒண்ணும் இல்லீங்க. இருக்கறதெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கணக்கு நோட்டு, கொஞ்சம் ரசீது, பழைய தகரப் பலகை ஒண்ணு, நாலஞ்சு கறுப்பு வெள்ளைப் படம். கடை முதல்ல பொதுப்பணித் துறை புறம்போக்குல இருந்தது, பட்டா இடத்துக்கு வந்தது ரொம்பப் பின்னாடி. சித்தப்பா வகையில தனியா ஒரு கடையும் ஓடுது, அவங்களும் "ஆரம்பக் கடை"னுதான் சொல்லிக்கறாங்க.

வருஷத்தை எப்படி உறுதி பண்றது? திறப்பு விழா அன்னைக்கு அந்தக் காலத்து வறுவலையே போடணும்னா அளவு, எண்ணெய் எல்லாம் எப்படி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பசலிக்கணக்கு

முதலில் ஒன்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பம் மீன் வியாபாரத்தில் இறங்கியது எப்போது, இந்த இடத்தில் கடை போட்டது எப்போது, இந்தப் பெயரில் கடை நடப்பது எப்போதிலிருந்து? மூன்றும் ஒரே வருஷமாக இருப்பது அபூர்வம். குடும்பக் கதையில் மூன்றும் கலந்து, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய நிகழ்ச்சியோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஊரில் அது அணை. பவானிசாகர் வேலை 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது. அந்த ஏழு வருஷமும் அங்கே கூலிக்கு வந்தவர்களுக்குச் சோற்றுக்கடை தேவைப்பட்டிருக்கும். ஆகவே 1955-க்கு முன்பே உங்கள் அப்பாரு அங்கே இருந்திருக்கலாம், பின்னால் வந்திருக்கவும் கூடும்.

புறம்போக்கில் கடை இருந்தது என்று வருத்தப்பட வேண்டாம், வரலாற்றுக்கு அது வசதி. அரசு நிலத்தில் இருந்தவர்களுக்கு 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பி மெமோ (ஆக்கிரமிப்பு நோட்டீஸ்) வரும், அபராதம் கட்டிய ரசீது இருக்கும். பெயர், சர்வே எண், பரப்பு, பசலி (வருவாய்த் துறைக் கணக்கு வருஷம்) எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அந்தக் காலத்தில் வயிற்றெரிச்சலோடு கட்டிய தண்டம்தான் இன்றைக்கு உங்களுக்கு முதல்தரச் சாட்சி. பெட்டியில் இல்லையென்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய அடங்கலில் (கிராம நிலக் கணக்கில்) ஆக்கிரமிப்புக் குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கர்ணம், மணியக்காரர் முறை 1980 நவம்பரில் ஒழிந்தது. அதற்கு முந்தைய கணக்குகளைத் தாலுகா ஆபீஸ் பதிவறையிலும் தேட வேண்டியிருக்கும்.

பசலியைக் கணக்கிடும்போது பலர் வழுக்குவார்கள். பசலி ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். பசலியோடு 590 கூட்டினால் தொடங்கும் வருஷம். பசலி 1370 என்றால் 1960 ஜூலை முதல் 1961 ஜூன் வரை. ரசீதில் பிப்ரவரி மாதத் தேதி இருந்தால் 591 கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல்தான் ஒரு வருஷம் முன்னே பின்னே போகிறது.

தேதியே இல்லாத தாள்களுக்கும் வழி உண்டு. அணா, பைசா கலந்து வந்தால் 1957 ஏப்ரலை ஒட்டிய காலம். "ந.பை." என்று இருந்தால் நயா பைசா, 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டது. அதனால் அது நல்ல பிடி. ஆனால் "நாலணா" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், 25 பைசாவை ஜனங்கள் பல வருஷம் அப்படித்தான் சொன்னார்கள். வீசை, சேர், ராத்தல் என்றால் பெரும்பாலும் 1960-களின் தொடக்கத்துக்கு முன். முகவரியில் "மதராஸ் ஸ்டேட்" என்றால் 1969 ஜனவரிக்கு முன், ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின், "கோயமுத்தூர் ஜில்லா" என்றால் 1979-ல் பெரியார் (பிற்பாடு ஈரோடு) மாவட்டம் பிரியும் முன்.

தகரப் பலகையில் எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை ஆகியவற்றில் பழைய துதிக்கைக் கொம்பும், றா, னா, ணா ஆகியவற்றில் பழைய கூட்டு வடிவமும் இருக்கிறதா? எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-ல் வந்தது. புது வடிவம் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பின் எழுதியது. பழைய வடிவம் இருப்பதை வைத்து மட்டும் 1978-க்கு முன் என்று சொல்லிவிட முடியாது, கை பழகிய பெயின்டர்கள் பிறகும் அப்படியே எழுதினார்கள்.

மின் இணைப்பு அட்டையைக் கடைசியில் பாருங்கள். அந்தக் காலக் கடைகள் பல வருஷம் பெட்ரோமாக்ஸில் ஓடியவை, அட்டை காட்டுவது கடை பிறந்த வருஷத்தை அல்ல. பேரூராட்சித் தொழில்வரி ரசீது அதைவிட மேல்.

---

கீழ்பவானி

தட்டில் இருந்த மீனும் வருஷம் சொல்லும். அந்தப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

அணை கட்டும் முன் பவானி ஆற்றில் கிடைத்தது வாளை, விரால், கெளுத்தி, ஆரல், அயிரை, உள்ளூர்க் கெண்டை வகைகள். கட்லா கோதாவரிப் பக்கத்து மீன். சுதந்திரத்துக்கு முன்பே மீன்துறை அதைக் காவிரிக்குக் கொண்டுவந்துவிட்டது, அதனால் 50-களில் கட்லா இருந்ததென்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. ரோகும் மிர்காலும் வேறு கதை. வடக்கத்தி ஆறுகளில் மழை வெள்ளத்தில் முட்டையிடும் இனம், குஞ்சை அங்கே ஆற்றில் பிடித்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. 1957-ல் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டு இந்தியப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார். குஞ்சு உற்பத்தி பெருகி நம் பக்கம் தாராளமாக விட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். "முதல் நாளிலிருந்தே ரோகு வறுவல்" என்று சுவரில் எழுதாதீர்கள். விவரம் தெரிந்தவர் ஒருத்தர் வந்து சாப்பிட்டால் மற்ற வரியையும் நம்ப மாட்டார்.

ஜிலேபி மீன் (திலேப்பியா) இந்தியாவுக்கு வந்ததே 1952-ல். கணக்கு நோட்டில் அது எந்த வருஷம் முதலில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். அது குறைந்த விலை மீன். வந்த பிறகு கடைகளின் விலைப்பட்டியலே மாறும், முழு மீனாக வறுத்துக் கொடுக்கும் வழக்கமும் கூடும். பங்காசியஸ் என்ற வளர்ப்புக் கெளுத்தி வகை 90-களின் நடுவில்தான் இந்தியாவுக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்குத் தடை இருக்கிறது, அதைப் பழைய நாட்டுக் கெளுத்தியோடு குழப்பிப் படம் போட்டுவிடாதீர்கள். நாட்டுக் கெளுத்தியின் படம் கிடைக்காவிட்டால் படமே வேண்டாம்.

இன்னொன்று. புது நீர்த்தேக்கம் நிரம்பிய முதல் சில வருஷம் மீன் எக்கச்சக்கமாகப் பெருகும். மூழ்கிய செடி கொடி அழுகித் தண்ணீருக்குச் சத்துச் சேர்ப்பதுதான் காரணம். பிறகு தணியும். "அப்பெல்லாம் மீன் கொட்டிக் கிடந்துச்சு" என்று பெரியவர்கள் சொல்வதை வெறும் பழம்பெருமை என்று தள்ளாதீர்கள். அந்தப் பேச்சு 50-களின் பிற்பாதியைச் சுட்டுகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மீன் வாங்கிய ரசீதுகளையும் பாருங்கள். தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் 1974-ல் வந்தது. கழகத்தின் பெயரில் ரசீது இருந்தால் அதற்குப் பின்.

படங்களில் பின்னணியில் தண்ணீர் தெரிந்தால் விடாதீர்கள். அணைக்குள் மூழ்கிய டணாயக்கன்கோட்டைக் கோயில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால்தான் வெளியே தெரியும். படத்தில் கோயில் தெரிந்தால் அது வறட்சிக் காலம். நீர்வளத் துறையிடம் தினசரி நீர்மட்டப் பதிவு உண்டு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டால், சந்தேகப்படும் வருஷங்களில் எப்போது அவ்வளவு இறங்கியது என்று தெரிந்துகொள்ளலாம். "1955 முதல் 2000 வரை எல்லாம் கொடுங்கள்" என்று கேட்டால் வேலைக்காகாது. மூன்று நான்கு வருஷமாகச் சுருக்கிக் கேளுங்கள்.

---

செக்கடி

வறுவலுக்கு நான் சொல்றேன் கண்ணு. "பாரம்பரிய முறை"னு போர்டு வச்சுட்டு சோளமாவும் சிவப்புக் கலரும் கலக்குறாங்க. ரெண்டுமே அந்தக் காலத்துல இல்லை. வறுத்த மீன்ல கலர் சேர்க்குறது சட்டப்படியும் தப்பு.

சுத்தம் பண்ணி எடை போட்ட துண்டு ஒரு கிலோவுக்கு: நீட்டு மிளகாய் வத்தல் 25 கிராம், கொத்தமல்லி விதை 15, மிளகு 5, சீரகம் 5, பூண்டு 25, இஞ்சி 15, சின்ன வெங்காயம் 40, மஞ்சள்தூள் 4, கல் உப்பு 16லிருந்து 18, புளி 10 கிராம். வத்தலை வெந்நீர்ல இருபது நிமிஷம் ஊறவச்சு, புளியைக் கெட்டியாக் கரைச்சு, எல்லாத்தையும் சேர்த்துக் கெட்டியா அரைக்கணும். மொத்தத் தண்ணி 60 மில்லிக்கு மேல போகக் கூடாது. மிக்ஸியில தண்ணி ஊத்தாம ஓடாது, அதுதான் தொந்தரவு. விழுது தளர்ந்தா மீன்ல நிக்காம எண்ணெய்க்குள்ள இறங்கி, ரெண்டாவது ஈட்டுக்கே எண்ணெய் கருத்துப் போகும். சின்ன கிரைண்டர்ல அரைங்க. வெங்காயத்தை 40க்கு மேல ஏத்தாதீங்க, அதுல இருக்குற இனிப்பு மீன் வேகும் முன்னாடியே கருகும். அரிசி மாவு போட்டே ஆகணும்னா கிலோவுக்கு 15 கிராம், அதுக்கு மேல போனா மேலோடு மட்டும் தனியாக் கழண்டு வரும்.

ரெண்டு கிலோ முழுக் கட்லாவுல தலை, குடல், செதில் போகத் துண்டு 1.2லிருந்து 1.3 கிலோதான் தேறும். கொள்முதல் கணக்கை அதுக்குத் தக்கனப் போட்டுக்கங்க. துண்டு ஒண்ணரை செ.மீ. தடிமன். வயித்துக்குள்ள இருக்குற கறுப்புச் சவ்வையும் நடுமுள்ளை ஒட்டி ஓடுற ரத்தத்தையும் நகத்தால சுரண்டி எடுக்கணும். அணை மீன்ல வர்ற சேத்து வாடை தண்ணிப் பாசியில இருந்து மீனோட கொழுப்புல ஏறுறது, தோல்லயும் வயித்துச் சதையிலயும் கூடுதலா இருக்கும். கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்ச்சு, புளிச்ச மோர்ல பத்து நிமிஷம் வச்சு அலசினா நல்லாக் குறையும். முழுசாப் போகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஜிலேபியை முழுசா வறுக்கறதா இருந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணரை செ.மீ.க்கு ஒரு கீறல், முள்ளைத் தொடுற ஆழம்.

மசாலா தடவி முப்பதுலிருந்து நாப்பத்தஞ்சு நிமிஷம் போதும். புளியோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல கிடந்தா சதை உதிரும், உப்பு தண்ணியை இழுத்து விட்டுரும், மசாலா வழுக்கும்.

எண்ணெய் கடலெண்ணெய்தான். சட்டி இரும்பு. நாலு லிட்டர் எண்ணெய்ல ஒரு ஈட்டுக்கு 600 கிராமுக்கு மேல போடாதீங்க. 175 டிகிரியில போட்டா நாலஞ்சு நிமிஷம். கும்பல் சேர்ந்துருச்சுன்னு ஒன்றரைக் கிலோவை ஒரே ஈட்டுல போட்டா சூடு 140க்கு விழுந்து மீன் எண்ணெயைக் குடிக்கும். திறப்பு விழாவுல ஒறம்பரை (சொந்தக்காரங்க) மொத்தமா வந்து நிப்பாங்க, இந்தத் தப்பு அன்னைக்குத்தான் நடக்கும். ரெண்டு சட்டி வச்சுக்கங்க. எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ஞ்சு கெடும்போது சேர்ற துருவச் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கறது 2018லிருந்து விதி. அதை அளக்குற மீட்டர் இல்லைன்னா, நுரை அடங்காம நின்னாலோ புகை சீக்கிரம் கிளம்பினாலோ எண்ணெயை மாத்திருங்க.

விறகடுப்பு வேணுமான்னு கேப்பீங்க. எண்ணெய்ல பொரிக்கறதுக்கு விறகுப் புகை பெருசா ருசி சேர்க்காது. குழம்புக்கு வேணா விறகடுப்பு வைங்க, வறுவலுக்குக் கேஸ் போதும். பழைய ருசிங்கறது கடலெண்ணெயும் அரைச்ச மசாலாவும்தான்.

---

அணைமேடு

எல்லாருக்கும் நன்றிங்க. பெட்டியைக் கொட்டிப் பார்த்தாச்சு. கிடைச்சது இது.

முதல் நோட்டுல முதல் பக்கம் "விளம்பி வருஷம் ஆவணி". விலை எல்லாம் ந.பை.யில இருக்கு. மீன் பேரு வாளை, கெளுத்தி, விரால், கெண்டை, அவ்வளவுதான், ரோகு இல்லை. "சிலேபி" முதல்ல வர்றது பிலவ வருஷத்து நோட்டுல. பி மெமோ ரசீதுல பழசு பசலி 1372. தகரப் பலகையில பழைய னை இருக்கு, "கோயமுத்தூர் ஜில்லா"ன்னு இருக்கு, பின்கோடு இல்லை. பெரியப்பா இன்னும் 1955லதான் நிக்கிறார்.

---

பசலிக்கணக்கு

இவ்வளவு கிடைப்பதே அதிகம். விளம்பி 1958-59. அறுபது வருஷச் சுற்றில் அதற்கு முந்தைய விளம்பி 1898, நயா பைசா இருப்பதால் அந்தச் சந்தேகமே வேண்டாம். ஆவணி என்றால் 1958 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். பிலவ 1961-62, ஜிலேபிக்குப் பொருந்துகிறது. பசலி 1372 என்பது 1962 ஜூலை முதல் 1963 ஜூன். ஆக, வியாபாரத்துக்கு 1958-ம், அந்த இடத்துக்கு 1962-63-ம் எழுத்தில் நிற்கின்றன. தகரப் பலகையின் காலம் 1979-க்கு முன் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்கோடு எழுதாத பலகைகள் 1972-க்குப் பின்னும் ஏராளம்.

பெயர்ப்பலகையில் "1958 முதல்" என்று போடுங்கள். பெரியப்பாவின் 1955-ஐத் தூக்கி எறிய வேண்டாம். "அணை முடிந்த 1955-லேயே கடை தொடங்கியதாகக் குடும்பத்தில் சொல்வார்கள், கிடைத்த முதல் கணக்கு நோட்டு 1958 ஆவணி" என்று சுவர்ப் பலகைக்குள் ஒரு வரி. அவர் சொன்னதும் பதிவாகும், யார் கேட்டாலும் நோட்டைக் காட்டலாம்.

பிற்பாடு பெயரை வணிகச் சின்னமாகப் பதிய நினைத்தால் இந்த வருஷம் முக்கியம். உணவகச் சேவை 43-ஆம் வகுப்பு. தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். "இந்த ஆண்டிலிருந்து பயன்படுத்துகிறேன்" என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், ஆதாரத்தோடு. நோட்டில் கடையின் பெயர் இல்லாவிட்டால் 1958-ஐ அங்கே போட முடியாது. பெயர் தெரியும் முதல் தாள் எதுவோ அந்த வருஷம்தான். சித்தப்பா வகையோடு பேசி முடிக்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், ஆட்சேபம் அங்கிருந்துதான் வரும். பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் கடைப்பெயர் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா என்று முதலில் படியுங்கள். பெரும்பாலும் பாத்திரம் பண்டம் வரை எழுதியிருப்பார்கள், பெயரை விட்டிருப்பார்கள்.

---

பழந்தாள்

தாமதமாக வருகிறேன், ஆனால் அவசரம்: அந்த நோட்டுகளையும் ரசீதுகளையும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் உருகும் பசை தாளோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. செல்லோ டேப்பும் கூடாது, சில வருஷத்தில் பழுப்புக் கறை ஏறும். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். சுவரில் மாட்டுவது எப்போதும் நகலாக இருக்கட்டும். மீன் கடைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு படியாத இடமே கிடையாது.

தகரப் பலகையைச் சோப்பு போட்டுத் துலக்காதீர்கள், மறுவர்ணமும் வேண்டாம். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். அடியில் இன்னொரு எழுத்து எழுதி மேலே பூசியிருந்தால் அதன் விளிம்பு மேடாகத் தெரியும். பழைய கடைப்பெயர் அப்படிக் கிடைப்பதுண்டு.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் உருண்டையான எண்ணாக வரும். எமர்ஜென்சிக்கு முன்னா பின்னா, பெரியார் மாவட்டம் ஆன பிறகா, எம்.ஜி.ஆர். இறந்தபோது கடை எங்கே இருந்தது, இன்னார் கல்யாணத்துக்கு முன்னா என்று கேளுங்கள். தனித்தனியாகக் கேளுங்கள். நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

இதுவரை யாரும் சொல்லாதது ஒன்று: ரசீது, மெமோ, நோட்டு எல்லாவற்றிலும் ஆண்கள் பெயர்தான் இருக்கும். மசாலா அரைத்ததும் மீன் அறுத்ததும் குழம்பு கூட்டியதும் ஆத்தாவும் வீட்டுப் பெண்களுமாக இருந்தால் அதற்குத் தாளில் சாட்சி கிடைக்காது, கேட்டுத்தான் எழுத வேண்டும். யார் எந்த வேலை, அரைக்கும் கல் எந்தப் பக்கம் கிடந்தது, எத்தனை மணிக்கு அரைக்கத் தொடங்குவார்கள் என்று கேளுங்கள். செக்கடி சொன்ன அளவுகளையும் அவர்களிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டில் புளிக்குப் பதில் எலுமிச்சையா, மல்லி குறைவா என்பது அங்கேதான் தெரியும்.

எட்டடிப் பலகைக்கு 150 சொல்லுக்கு மேல் வேண்டாம். பத்தடி தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிறவர் படிக்க எழுத்து ஒரு அங்குலமாவது இருக்க வேண்டும். சித்தப்பா கடை எந்த வருஷம் பிரிந்தது என்று ஒரு வரி அதிலேயே போட்டு, அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களிடமும் படிக்கக் கொடுங்கள். அடுப்பிருக்கும் சுவரிலிருந்து எட்ட, கை கழுவும் இடத்துக்கு எதிரில் மாட்டினால் நின்று படிப்பார்கள்.

---

அணைமேடு

டார்ச் வெளிச்சத்துல பலகையைப் பார்த்தோமுங்க. அடியில "மீன் சாப்பாடு"ன்னு ஒரு வரி மேடா இருக்கு. பேரு ஒண்ணும் தெரியலை. சித்தப்பா வீட்டுல ஒரு நோட்டு இருக்குதாம், ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கிறோம். அதுல பேரு இருந்தா இங்கயே போடுறேன்.